நாலாவது மணிக்குத் திறக்கலாம்னு இருந்தேன்

வந்தேன்னு சொல்லிட்டேன். வரவே இல்லைன்னுதானே சொல்லியிருக்கணும், ஒன்பது வருஷமா அப்படித்தானே சொல்லிட்டிருக்கேன், இன்னைக்கு வந்தேன்னு எப்படி வந்துச்சு என் வாயில? பெனிட்டா மேடம் எதிர்ல உக்காந்திருந்தாங்க, மடியில நோட்டு. நான் பாட்டுக்குக் கிண்டலாத்தான் ஆரம்பிச்சேன். "சார், இப்ப இந்த நாற்காலிக்கு மாறி உக்காருங்க. இனிமே நீங்க குணசீலன் இல்லை, உங்க தங்கச்சி செண்பகம். உங்க அண்ணன் அதோ அந்தக் காலி நாற்காலியில இருக்காரு. அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. நான்னு ஆரம்பிச்சுச் சொல்லுங்க" அப்படின்னாங்க. ஐம்பத்து மூணு வயசு ஆம்பளை, இருநூறு பேரை மேய்க்கிறவன், எனக்குப் பொம்பளை வேஷம். சரி, கம்பெனி அனுப்பியிருக்கு, ஆடிட்டுப் போவோம்னு இந்த நீல நாற்காலிக்கு வந்தேன். முந்தானையைச் சரி பண்ற மாதிரி தோளைத் தட்டினேன், குரலை மெலிசாக்கினேன், "அண்ணே, நீ பெரிய ஆளுண்ணே, உன்னைக் கூப்பிடணும்னா யானை மேல ஏறித்தான் வரணும்"னேன். மேடம் சிரிக்கலை. "ம், சொல்லுங்க செண்பகம்"னாங்க. செண்பகம்னு என்னைக் கூப்பிட்டதும் என்னவோ ஆயிருச்சு. "நான் வந்தேன்ணே. வெயில்ல தட்டைத் தூக்கிட்டு ஒருத்தியா வந்தேன். மூணு தடவை மணி அடிச்சேன். நீ கதவைத் திறக்கலை." யோசிச்சுச் சொல்லலை இதை. குரல்கூட மெலிசா இல்லை, என் குரல்தான், கட்டைக் குரல். மேடம் நோட்டைப் பின்னாடி திருப்பிப் பாத்தாங்க. "சார், போன வாரம் நீங்க சொன்னது, தங்கச்சி கூப்பிட வரவே இல்லை, அதனாலதான் பொண்ணு சடங்குக்குப் போகலைன்னு." அவங்க மெதுவா எந்திரிச்சு, "நான் ஒரு பதினஞ்சு நிமிஷம் வெளிய இருக்கேன் சார், நீங்க அதே நாற்காலியில இருங்க"ன்னுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

போனா போகட்டும். நான் எந்திரிச்சு என் நாற்காலிக்குப் போயிட வேண்டியதுதானே. அந்தா இருக்கு, பழுப்பு நாற்காலி, நாலு எட்டு, கைப்பிடியில என் மூக்குக் கண்ணாடிக் கூடு இருக்கு, நான் உக்காந்த பள்ளம்கூட மெத்தையில இன்னும் அப்படியே இருக்கு. கால் வர மாட்டேங்குது. பயமா? எனக்கென்னய்யா பயம். தில்லை நகர்ல ஒரு மாடி ரூம், ஏசி ஓடுது, டீப்பாய் மேல டிஷ்யூ டப்பா, காலைல பதினோரு மணி, கீழ காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை வருது, இதுல பயப்பட என்ன இருக்கு. சந்தானம் படுபாவி. அவனாலதான் எல்லாம். துவாக்குடியில எங்க ஃபேக்டரி, பாய்லருக்குப் பைப்பு வளைச்சுக் குடுக்கற கம்பெனி, நான் உற்பத்தி மேனேஜர், அவன் தரக்கட்டுப்பாடு, என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன். ஒரு லோடு கிளம்பறதுக்கு என் கையெழுத்து வேணும், மெயில் அனுப்பறான். மெயிலு! நாப்பது அடி தூரத்துல உக்காந்துக்கிட்டு மெயிலு. நேர்ல வந்து கேக்கச் சொல்லுய்யான்னேன். அவன் வரலை, நான் போடலை, லாரி ரெண்டு நாள் கேட்லயே நின்னுச்சு. ஒரு எட்டு வந்து, "சார், போட்டுக் குடுங்க"ன்னா கிரீடம் கழண்டு விழுந்துருமா? போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே, வந்து கேக்கட்டும்னுதானே சொன்னேன். இதை முதல் வாரம் சொன்னப்ப மேடம் 'வந்து கேக்கட்டும்'னு நோட்டுல எழுதி அடியில கோடு போட்டாங்க. எதுக்குக் கோடுன்னு அப்ப விளங்கலை.

லாரி நின்ன பஞ்சாயத்துக்கு என்னைக் கோச்சிங் போகச் சொன்னாங்க, எனக்குச் சிரிப்பு. பிளஸ் டூ முடிச்ச பசங்க போறதுதானே கோச்சிங், எனக்கென்னம்மா பரீட்சைன்னு ஆபீஸ்ல அதைச் சொல்ல வந்த பொண்ணுகிட்டக் கேட்டேன். "அது இல்ல சார், தனியா ஒருத்தர் உங்ககூட உக்காந்து பேசுவாங்க, ஆறு வாரம், யாருக்கும் வெளிய தெரியாது"ன்னா. பேசறதுக்கு ஆறு வாரமா, ஆறு மணி நேரம் நிறுத்தாம நான் பேசுவேனேன்னு வந்தேன். ரெண்டாவது வாரம் மேடம் கேட்டாங்க, "வேலைய விடுங்க சார், வீட்டுப் பக்கம் யார்கூடவாவது பேசாம இருக்கீங்களா?" அவ்வளவுதான், அவுத்து விட்டேன். எத்தனை கல்யாண வீட்ல, எத்தனை சாவு வீட்ல, எத்தனை டீக்கடையில சொன்ன கதை, எங்க நிறுத்தணும் எங்க பெருமூச்சு விடணும்னு வரிசையாத் தெரியும். கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. மூத்த பொண்ணு இலக்கியா வயசுக்கு வந்துச்சு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியவன், சேலை எடுத்துத் தலையில போட வேண்டியவன். ஊரெல்லாம் பத்திரிகை வச்சவ என் வாசப்படி ஏறலை. கேட்டவங்க எல்லாரும் "அடப் பாவமே, கூடப் பொறந்தவனைக் கூப்பிடலையா"ன்னுதான் கன்னத்துல கை வச்சாங்க. மேடம் மட்டும் கை வைக்கலை. "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க சார்?"னு கேட்டாங்க. என்னைக்குன்னு கேட்டேன். அவங்க நோட்டுல ஏதோ குறிச்சுக்கிட்டாங்க. இப்பத்தான் உறைக்குது, வராதவ வராத நாளுக்கு ஏது 'அன்னைக்கு'. நான்தான் கதையில எங்கயோ ஒரு நாளைச் சொல்லியிருக்கேன், அந்தம்மா பிடிச்சுக்கிட்டாங்க, கெட்டிக்காரி.

இதெல்லாம் பிரமை. நடிக்கச் சொன்னா வாயில வந்ததை அடிச்சு விடறதுதான், கோர்ட்ல சொன்ன சாட்சியா இது. மேடம் வந்ததும், "சும்மா ஒரு ஃப்ளோல வந்துருச்சு மேடம்"னு சொல்லிடலாம். சொல்லிடலாம். அப்ப வெயில்னு ஏன் சொன்னேன்? தட்டுன்னு ஏன் சொன்னேன்? ஒருத்தியான்னு சொன்னேனே. மூணு தடவைன்னு கணக்கா எப்படிச் சொன்னேன், ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம், நாலுன்னு சொல்லியிருக்கலாம். ஐயோ. சித்திரை மாசம். ஞாயித்துக்கிழமை. கே.கே. நகர்ல அந்த ரெண்டாவது மாடி வீடு, அமுதா லால்குடிக்கு அவ அம்மாவைப் பாக்கப் போயிருந்தா, என் பொண்டாட்டி இருந்திருந்தா இந்தக் கதையே கிடையாது, அவ ஓடிப்போய்த் திறந்திருப்பா. நான் லுங்கியும் துண்டுமா டிவியில கிரிக்கெட்டு பாத்துக்கிட்டிருந்தேன். மணி அடிச்சுச்சு. கதவுல இருந்த லென்ஸ்ல கண்ணை வச்சேன். செண்பகம். மாம்பழ கலர்ல சேலை. இடுப்புல எவர்சில்வர் தாம்பாளம், வெத்தலை பாக்கு, ஒரு சீப்பு பழம், மேல பத்திரிகை. மூக்கு நுனியில வேர்வை. எனக்கு மனசு குளுந்துச்சு. அதுதான் உண்மை, முதல்ல குளுந்துச்சு, வந்துட்டா பாரு எந்தங்கச்சின்னு. கை தாழ்ப்பாள் வரைக்கும் போச்சு. அப்புறம்தான் அவளுக்குப் பின்னாடி பாத்தேன். படியில யாரும் இல்லை.

எங்க பக்கத்துல மாமனைக் கூப்பிடறதுன்னா புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா வந்து தட்டை நாலு கையாப் பிடிச்சு நீட்டணும். ஒத்தையா வந்து நீட்டறது கடைக்காரனுக்குப் பத்திரிகை வைக்கிற கணக்கு. எங்க தியாகராசன்? என் வீட்டுப் படி ஏற மாப்பிள்ளைக்குக் கால் வலிக்குதோ? அவரு கவர்மெண்ட் பஸ் டிரைவரு, ஞாயித்துக்கிழமையும் டியூட்டி விழும், அது எனக்குத் தெரியும், அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்கலை. நிக்கட்டும் கொஞ்ச நேரம்னு நினைச்சேன். கொஞ்ச நேரம்தான், சத்தியமாக் கொஞ்ச நேரம்தான். ரெண்டாவது மணி அடிச்சா. நான் என்ன பண்ணினேன்? ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை அமுக்கினேன். இதை யார்கிட்டச் சொல்ல. தூங்கிட்டேன், பாத்ரூம்ல இருந்தேன், காதுல விழலைன்னு ஆயிரம் சொல்லலாம், ஆனா ரிமோட்டை எடுத்து அமுக்கினது என் கட்டை விரல். மறுபடி வந்து லென்ஸ்ல பாத்தேன். தட்டை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்தினா. முந்தானையால முகத்தைத் துடைச்சா. மூணாவது அடிச்சா, இந்தத் தடவை விரலை எடுக்காம நீளமா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் வசனம் ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன். திறந்ததும் முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு, "எங்க, மாப்பிள்ளை வரலையா? பெரிய மனுஷன்"னு கேக்கணும். அவ அழுவா. நான், "சரி சரி உள்ள வா, மோர் குடி"ம்பேன். அவ்வளவுதான் என் திட்டம். நாலாவது மணிக்குத் திறக்கலாம்னு இருந்தேன். நாலாவது மணி அடிக்கலை.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. அடிப்பா, இப்ப அடிப்பா, அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்தவ அடிக்காமப் போவாளான்னு நின்னேன். லென்ஸ்ல பாத்தா எதிர் வீட்டுக் கதவுதான் தெரியுது. பால்கனிக்கு ஓடினேன். தெருவுல போய்க்கிட்டிருந்தா, தட்டை இடுப்புல இடுக்கிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, நிழலே இல்லாத ரோட்டுல பஸ் ஸ்டாப்பைப் பாத்து. ஏ செண்பகம்னு ஒரு சத்தம் குடுத்தா திரும்பிருவா. தொண்டை வரைக்கும் வந்துச்சு. கூப்பிட்டா நான் உள்ள இருந்தது தெரிஞ்சுருமே. இவ்வளவுதான், இந்த ஒரு நினைப்புதான், வேற ஒரு மண்ணும் இல்லை. சாயங்காலம் போன் பண்ணுவா, வெளிய போயிருந்தேன்னு சொல்லி, நாளைக்கு நானே வர்றேம்மான்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். அவ பண்ணலை. நானும் பண்ணலை. பண்ணட்டும்னு இருந்தேன். ஆறு மணிக்கு அமுதா வந்தா, பையைக் கீழ வைக்கும்போதே, "யாராச்சும் வந்தாங்களா?"ன்னு கேட்டா. எப்பவும் கேக்கறதுதான், பால்காரன் வந்தானா, கேஸ் வந்துச்சாங்கற மாதிரி. இல்லைன்னேன். இல்லைங்கறது ஒரு வார்த்தை. ராத்திரி சாப்பிடறப்ப அதுவே, "உன் நாத்தனா இன்னும் கூப்பிட வரலை பாத்தியா"ன்னு ஆச்சு. மறுநாள் அம்மாகிட்ட, "யாரும்மா என்னைக் கூப்பிட்டா"ன்னு ஆச்சு. ஒரு மாசத்துல எனக்கே அப்படித்தான்னு ஆச்சு. பொய் சொல்றோம்னு ஒரு நாள்கூட நெஞ்சு குறுகுறுக்கலையே. இந்தக் கையை வச்சு நான் எதைத்தான் செய்யலை, எதைத்தான் மறக்கலை, இன்னும் என்னென்ன இருக்கோ உள்ள.

சடங்கன்னைக்கு மண்டபத்துல நடந்ததைச் சின்னம்மாதான் வந்து சொன்னாங்க. ஓலை கட்ட மாமன் இல்லை. புள்ளையை மணையில உக்கார வச்சிட்டு எல்லாரும் வாசலையே பாத்துக்கிட்டிருந்திருக்காங்க. அம்மா நடு மண்டபத்துல நின்னு, "அண்ணனைக் கூப்பிட்டியாடி?"ன்னு கேட்டுச்சாம். செண்பகம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாளாம். "வாயைத் திற, கூப்பிட்டியா இல்லையா?" வாயே திறக்கலையாம். அம்மா அத்தனை சனத்துக்கு முன்னாடி, சம்பந்தி வீட்டாளுங்க முன்னாடி, நாப்பது வயசுப் பொம்பளைய, பளார்னு அறைஞ்சுருச்சாம். சின்னம்மா இதைச் சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க சின்னம்மான்னு கேட்டேன். எந்தக் கன்னத்துலன்னு கேட்டேன். மனுஷனா நான்? அமுதா காப்பி கொண்டாந்து வச்சா, நான் ஆத்தி ஆத்திக் குடிச்சேன். "பாத்தியா, பதில் சொல்ல முடியலை பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு"ன்னேன். அமுதாகூட, "பாவம்ங்க, மறந்துட்டாங்களோ என்னவோ, நீங்களே போயிருக்கலாம்"னா. நீ சும்மா இருன்னு அவளை அடக்கினேன்.

அம்மா அதுக்கப்புறம் அவ வீட்டுக்குப் போகலை. சாகற வரைக்கும் போகலை. நாலு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரியில கடைசி ஒரு மாசம் செண்பகம்தான் வந்து அள்ளிக் கொட்டினா, துடைச்சு விட்டா, நான் வாசல்ல கேண்டீன்ல உக்காந்திருப்பேன், அவ கிளம்பினதும் உள்ள போவேன். ஒரு நாள் மட்டும் ரெண்டு பேரும் ஒரே நேரம் இருக்கும்படியா ஆச்சு, டாக்டர் வரச் சொல்லியிருந்தாரு. அம்மாவுக்கு அன்னைக்கு நினைவு நல்லா இருந்துச்சு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏண்டி அன்னைக்கு அவனைக் கூப்பிடாமப் போன?"ன்னு கேட்டுச்சு. நான் கால்மாட்டுல நின்னேன். செண்பகம் நிமிந்து என்னைப் பாத்தா. ஒரே ஒரு பார்வை. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "தப்புத்தாம்மா"ன்னா. தப்புத்தாம்மான்னு ஏன் சொன்னா? இதுல வந்து முட்டிக்கிட்டு நிக்குது எனக்கு. வந்தவ, நான் வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சுன்னு சொல்லியிருக்கணுமே. மண்டபத்துலயே சொல்லியிருக்கணுமே, அந்த அறையாவது விழாம இருந்திருக்கும். மூணு தடவை மணி அடிச்சவ, வேகாத வெயில்ல வந்துட்டுத் திரும்பிப் போனவ, ஒரு சீவன்கிட்டயாவது சொல்ல மாட்டாளா? நான் பொய் சொன்னேன் சரி, அவ எதுக்கு என் பொய்யைச் சொன்னா? ஒருவேளை வரவே இல்லையோ. நான்தான் இந்த நாற்காலியில உக்காந்து கனா கண்டேனோ. இல்லை. மாம்பழ கலர். அந்தச் சேலையை நான்தான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை இலக்கியாவுக்குக் கல்யாணம். பொறந்தன்னைக்கு அது வாயில முதல் இனிப்பாச் சேனைத்தண்ணி தொட்டு வச்சது இந்த விரல்தான். பொண்ணைக் கைப்பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர மாமன் வேணும். நான் வருவேனா மாட்டேனான்னு சின்னம்மாவைவிட்டுக் கேட்டனுப்பியிருக்கா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், மாட்டேன்னா பெரியப்பா மகன் ரவீந்திரன் மாமனா நிப்பான். நான் என்ன பதில் சொல்லி அனுப்பினேன்? "அன்னைக்குத்தான் வரலை, இன்னைக்காவது ஜோடியா என் வாசல்ல வந்து கூப்பிடட்டும்"னு அனுப்பினேன். முந்தாநேத்து. மீசையைத் தடவிக்கிட்டே சொன்னேன். ஐயோ, அதைக் கேட்டு அவளுக்கு எப்படி இருந்திருக்கும். காலைல வந்ததும் மேடம் கேட்டாங்க, உண்மையைச் சொல்லுங்க சார், போகணும்னு ஆசை இருக்கான்னு. ஆசையா? ஒன்பது வருஷமா அந்தப் புள்ளையை பஸ் ஸ்டாண்ட்லயும் கோயில்லயும் தூரத்துல வச்சுத்தான் பாக்கறேன், என்னைப் பாத்தா சிரிக்கும், நான்தான் திரும்பிக்குவேன். போகணும். ஆனா எந்த மூஞ்சியோட? சாயங்காலம் வரைக்கும் தள்ளினா வீட்டுக்குப் போய் மறுபடி அந்தப் பழுப்பு நாற்காலிக்காரனா ஆயிருவேன், எனக்கு என்னைத் தெரியும். சட்டைப் பையில போன் இருக்கு. செண்பகம்னு பேர் இருக்கு, ஒன்பது வருஷமா அமுக்கலை. அமுக்கினேன். ரெண்டு மணிதான் அடிச்சுச்சு.

"அண்ணே?" குரல் பதறுது. "என்னண்ணே, யாருக்கு என்ன? அண்ணி நல்லாருக்காங்கல்ல?"

"எல்லாரும் நல்லாருக்காங்க." எதிர் நாற்காலி காலியாத்தான் இருக்கு. "செண்பகம், அன்னைக்கு நீ வந்தேல்ல?"

எந்த அன்னைக்குன்னு அவ கேக்கலை. பின்னாடி மிக்ஸி ஓடிக்கிட்டிருந்துச்சு, அது நின்னுச்சு. "வந்தேன்"னா.

"நான் வீட்ல..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நீ உள்ள இருந்தது. உன் செருப்பு வாசல்லதானே கிடந்துச்சு. ஒண்ணு குப்புறக் கிடந்துச்சு. குப்புறக் கிடந்தா வீட்ல சண்டை வரும்பாங்கல்ல, எடுத்து நேரா வச்சிட்டுத்தான் இறங்கினேன்."

திறக்கற வரைக்கும் நிக்கட்டும்னு நான் லென்ஸ்ல கண்ணை வச்சுக்கிட்டிருக்கேன், இவ குனிஞ்சு என் செருப்பை நேரா வச்சிருக்கா. "ஏன் புள்ள சொல்லலை? அம்மாகிட்ட ஏன் சொல்லலை? அந்த அடியை வாங்கிக்கிட்டு..."

"என்னன்னு சொல்லச் சொல்ற? அண்ணன் உள்ள இருந்துக்கிட்டே கதவைத் திறக்கலைன்னா? என் மாமியா, நாத்தனா எல்லாரும் நிக்கிறாங்க சபையில. கூப்பிடாதவன்னு பேர் வந்தா வந்துட்டுப் போகுது, பொறந்த வீட்டு வாசல் அடைபட்டவன்னு வந்தா நான் எப்படிண்ணே அந்த வீட்ல வாழறது? உனக்காக ஒண்ணும் சொல்லாம இருக்கலை. எனக்காகத்தான்." கோவமாச் சொன்னா. அவளும் என் அம்மா பெத்தவதானே. "அம்மா சாகறப்பவாவது நீ சொல்லுவேன்னுதான் உன் மூஞ்சியைப் பாத்தேன்."

நான் அழறேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. டிஷ்யூ டப்பா எட்டலை. "செண்பகம், நீ ஜோடியா வர வேண்டாம், யாரும் வர வேண்டாம். நானே வர்றேன். சாயங்காலமே வர்றேன், உன் வாசல்ல..."

"என் வாசல் இருக்கட்டும்"னா. "இலக்கியா என்கூட முகங்குடுத்துப் பேசி ரெண்டு வாரமாச்சு தெரியுமா? என் சடங்குக்குத்தான் எங்க மாமாவைக் கூப்பிடாம அசிங்கப்படுத்தின, கல்யாணத்துக்கும் அப்படியே பண்ணுங்கறா. ஒன்பது வருஷமா நான்தான் அவளுக்கு எதிரி. அவகிட்டயும் நான் வாயைத் திறக்கலை. எட்டு நாள்ல இன்னொரு வீட்டுக்குப் போகப்போறா, இந்த நெனப்போடயே போயிருவாண்ணே." மூக்கை உறிஞ்சற சத்தம். "இங்கதான் இருக்கா. குடுக்கறேன். சொல்லு."

"இப்பவா? புள்ள, இரு. போன்ல வேண்டாம், நேர்ல வந்து பக்குவமா..."

"இப்பச் சொல்லு"ன்னா. போன் கை மாறுச்சு. யாரும்மா, யாருன்னு தூரத்துல ஒரு குரல். அப்புறம் காதுக்குள்ளயே வந்துருச்சு.

"மாமா! நெசமா நீங்களா மாமா?" சின்னப் புள்ளையில கேட்ட அதே குரல், அதே குதிப்பு. "எனக்குத் தெரியும் மாமா நீங்க கூப்பிடுவீங்கன்னு. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது மாமா, எல்லாம் இந்த அம்மாவாலதான்."

கதவு திறந்துச்சு. பெனிட்டா மேடம் ஒரு காலை உள்ள வச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. உலகத்துல என்னை நம்பறதுக்குன்னு ஒரே ஒரு சீவன் மிச்சம் இருக்கு, அது மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கு. இல்லைம்மா, சும்மாதான் கூப்பிட்டேன், கல்யாணத்துக்கு வந்துடறேன்னு சொல்லிட்டு வச்சுடலாம். சொன்னா அது சிரிக்கும். ஞாயித்துக்கிழமை என் கையைப் பிடிச்சுக்கிட்டு மணவறைக்கு நடந்து வரும்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா"ன்னேன். "இலக்கியா, உங்கம்மா அன்னைக்கு என்னைக் கூப்பிட வந்துச்சு. மாமா உள்ளதான் இருந்தேன்."